தங்கவயல் தொழிலாளிக்குத் திவால் சட்டம் எங்கே?

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. நட்டமடைந்த நிறுவனத்தின் கணக்கை முடித்துவைக்கச் சட்டம் வழி காட்டியது. ஆனால், வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கடன் கணக்கை முடித்துவைக்க இன்றுவரை நடைமுறையில் ஒரு வழியும் இல்லை.

மாரிக்குப்பத்திலிருந்து அதிகாலை ரயிலேறி பெங்களூருவுக்குக் கூலி வேலைக்குச் செல்வோருக்கு ஈடு வைக்கச் சொத்தில்லை. எனவே அவர்களுக்குக் கிடைப்பது நுண்நிதி நிறுவனம் தரும் ஈடில்லாக் கடனும் கந்துவட்டியுமே.

2016ஆம் ஆண்டின் திவால் சட்டம், தனிநபருக்கும் ஒரு வழியை எழுதி வைத்துள்ளது. கடனாளி விண்ணப்பித்ததும் வசூல் நடவடிக்கைகள் நிறுத்தப்படும். பின்னர் திருப்பிச் செலுத்தும் திட்டம் தயாரிக்கப்படும். கடன் மதிப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் உள்ளோர் ஏற்றால், ஈடில்லாக் கடனுக்கு இயன்ற பகுதியைச் செலுத்தி, திட்டத்தின்படி எஞ்சியதிலிருந்து விடுபடலாம். மிக ஏழைகளுக்கு முழுத் தள்ளுபடி தரும் ‘புதிய தொடக்கம்’ என்ற பிரிவும் உண்டு.

எனினும், 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் அளித்தவர்களுக்கான பகுதி மட்டுமே. தங்கவயல் தொழிலாளிக்கு இன்றும் 1920ஆம் ஆண்டின் காலனியச் சட்டமே கதி. மறுபுறம், ஆலோக் இண்டஸ்ட்ரீஸ் விவகாரத்தில் சுமார் 30 ஆயிரம் கோடி ரூபாய்க் கடன் சுமார் 5 ஆயிரம் கோடியில் தீர்க்கப்பட்டது. பெருமுதலாளிகளுக்குக் ‘கடன் தீர்வு’. உழைப்பாளி கேட்டால் ‘ஒழுக்கக் கேடு’!

எழுதப்பட்ட பிரிவிலும் குறைகள் உள்ளன. ‘புதிய தொடக்கம்’ பெற ஆண்டு வருமானம் 60 ஆயிரத்தையும், கடன் 35 ஆயிரத்தையும் தாண்டக்கூடாது. சொந்த வீடும் இருக்கக்கூடாது. மாதம் 5 ஆயிரத்துக்கு மேல் கூலி பெற்றாலே கதவு அடைபடும். மேலும், ஒருவரின் விடுவிப்பு பிறரின் பொறுப்பை நீக்காது. குழுக் கடனில் ஒரு பெண் மீண்டால், சுமை பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலையில் விழும்.

கர்நாடக அரசு 2025இல் கொண்டுவந்த சட்டம் வசூல் அராஜகத்தைத் தண்டிக்கிறது. பதிவு பெறாத நிறுவனங்கள் நலிந்த பிரிவினருக்கு அளித்த கடன் தீர்ந்ததாகவே கருதப்படும் என்கிறது. இது வரவேற்கத்தக்கது, ஆனால் போதாது. மிரட்டல் நின்றாலும் கடன் நிற்கிறது.

தனிநபர் பிரிவை உடனடியாக நடைமுறைப்படுத்துக, வருமான வரம்பை உயர்த்துக, குழுக் கடனாளிகள் அனைவரையும் சேர்த்தே பாதுகாத்திடுக என்ற கோரிக்கைகளை ஒன்றிய அரசை நோக்கி எழுப்ப வேண்டும். கடன் சுமை தனிமனிதரின் அவமானமல்ல. வேலையைப் பறித்த கொள்கையின் விளைவு. இதைக் குடியிருப்புதோறும் கொண்டுசெல்வது இடதுசாரி இயக்கத்தின் கடமையாகும்.