பழைய யந்திரமும் புதிய கார்டும்

2025-ஆம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியுடன் விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான உதவியை மைக்ரோஸாப்ட் கம்பெனி நிறுத்திக் கொண்டது. அதே மாதத்தில் என்விடியா கம்பெனியும் தனது 900, 1000 வரிசைக் கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் புதிய டிரைவர் வெளியிடும் வேலையை முடித்துக் கொண்டது. 2028 அக்டோபர் வரையில் அவற்றுக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டுமே கிடைக்கும் என்று அக்கம்பெனி முன்கூட்டியே தெரிவித்திருந்தது.

இவ்விரு தீர்மானங்களும் அமெரிக்காவில் செய்யப்பட்டவை. அவற்றின் பாரம் வந்து விழுவதோ நம்மவர் வீட்டில். ஆபீஸ்களில் கழிக்கப்பட்டு, சென்னை ரிச்சி தெருவிலும் டில்லி நேரு பிளேஸிலும் கைமாறி, ஏழை மாணாக்கனின் மேஜைக்கு வந்து சேரும் கம்ப்யூட்டர்களில் இன்டெலின் நான்காம் தலைமுறையைச் சேர்ந்தவை பல. 2013-இல் வெளிவந்த பிராஸஸர் அது. "புதிது வாங்கு" என்கிறான் ஒரு வியாபாரி. "கார்டு ஒன்று போட்டுக்கொள், போதும்" என்கிறான் மற்றொருவன். முதல் யோசனைக்குப் பணமில்லை. இரண்டாவதற்கு வேண்டிய தொகையும் ஒரு குடும்பத்தின் பல மாத மிச்சமாக இருக்கக்கூடும். இத்தகைய சில்லறை விஷயத்தைத் தலையங்கத்தில் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். உப்பையும் துணியையும் பற்றிப் பேசியே இந்நாட்டு அரசியல் வளர்ந்தது என்பதை அவர்கள் நினைவு கூர்வார்களாக. எளியவன் கைப்பணம் எவ்வழியே போகிறது என்பது என்றும் தேசிய விஷயமே.

கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் தோன்றும் உருவங்களைக் கணக்கிட்டு வரையும் தனிப் பலகை. விளையாட்டு, வீடியோத் தொகுப்பு, முப்பரிமாணச் சித்திரம் ஆகியவற்றுக்கு அது பெருந்துணை. ஆயினும் அது சர்வரோக நிவாரணியன்று. கம்ப்யூட்டர் திறக்கத் தாமதிக்கிறதென்றால் குறை பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கும்; அதற்கு மருந்து எஸ்.எஸ்.டி. பல காரியங்களை ஒருங்கே செய்யும்போது திணறுகிறதென்றால் ராம் போதவில்லை. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கிறதென்றால், எந்தக் கார்டும் அதை ஏற்கச் செய்யாது. அதற்கு எட்டாம் தலைமுறை முதலான இன்டெல் பிராஸஸரும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் வேண்டும். அத்தகைய யந்திரத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸே நல்ல வழி. இவ்வளவையும் யோசியாமல் கார்டு வாங்குவது, கால்வலிக்குக் கண்ணாடி வாங்குவதை ஒக்கும்.

கார்டு அவசியமே என்று தீர்மானமான பின்னர், கடைக்காரனை விசாரிக்கு முன் தன் யந்திரத்தை விசாரிக்க வேண்டும். விசாரணை மூன்று.

முதலாவது, மின்சாரம். கார்டு செருகும் மதர்போர்டு வாய் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமாயின் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டியிலிருந்து தனி ஒயர் வரவேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் மின்பெட்டி பெரும்பாலும் 300 வாட்டுக்கு உட்பட்டது. அத்தனி ஒயரும் அதில் இராது. பெட்டியை மாற்றலாமென்றால், பெரிய கம்பெனிகள் சில தங்களுக்கென்றே தனி அளவில் இணைப்பு வைத்திருப்பதால் கடைப்பெட்டி பொருந்துவதில்லை. ஆகவே 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டே இவ்வகை யந்திரத்துக்கு உகந்தது. ஒடுக்கமான பெட்டியாயின் பாதி உயரக் கார்டு வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது, பாதை. கார்டுக்கும் பிராஸஸருக்கும் இடையே செய்தி செல்லும் பாதைகள் 16 வரை உண்டு. சில மலிவுக் கார்டுகளில் கம்பெனியார் 4 பாதைகளை மட்டும் வைத்துவிட்டனர். 2022 ஜனவரியில் ஏ.எம்.டி. வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. இதற்கு உதாரணம். நான்காம் தலைமுறைப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் உள்ள புது போர்டில் அந்த 4 பாதைகளில் வினாடிக்குச் சுமார் 8 ஜி.பி. செல்லும். மூன்றாம் தலைமுறையில் அது பாதியாகிறது. இரண்டாம் தலைமுறையில் அதிலும் பாதி. கார்டின் சொந்த நினைவு 4 ஜி.பி. மட்டுமே. அது நிரம்பியதும் இக்குறுகிய பாதையை நம்பவேண்டியிருப்பதால் யந்திரம் தத்தளிக்கிறது. பழைய யந்திரம் உள்ளவனே மலிவுக் கார்டைத் தேடுகிறான். மலிவுக் கார்டோ புதிய யந்திரத்தில்தான் முழுப் பலன் தருகிறது! போதாக்குறைக்கு, வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் உறுப்பும் இக்கார்டில் இல்லை. இன்டெலின் ஆர்க் ஏ380 கார்டு 6 ஜி.பி. நினைவும் வீடியோ வசதியும் உடையதாயினும், ரீசைஸபிள் பார் என்னும் ஏற்பாடு இல்லாத பழைய போர்டில் அதன் வேகம் மிகவும் குன்றுகிறது.

மூன்றாவது, பிராஸஸர். நான்காம் தலைமுறை ஐ5 நாலே கோர்களை உடையது. மிக வலிய கார்டை அதனுடன் பிணைத்தால், கிழட்டு மாடு ஒன்றையும் இளங்காளை ஒன்றையும் ஒரே நுகத்தில் பூட்டியது போலாகும். இதை அறியச் சுலபமான சோதனை உண்டு. இப்போதுள்ள கார்டிலேயே விளையாட்டின் படத் துல்லியத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். வேகம் கூடினால் கார்டே தடை. கூடாவிடில் பிராஸஸரே பெரும்பாலும் தடை. பின்னதாயின் பணத்தைப் பத்திரமாக வைத்திருந்து, யந்திரத்தையே மாற்றும் நாளுக்குக் காத்திருப்பது நன்று.

இனி, நாம் முக்கியமாகக் கண்டிக்க விரும்பும் விஷயத்துக்கு வருகிறோம். அது பெயர் மோசடி. என்விடியா 2017-இல் ஜி.டி. 1030 என்ற சிறு கார்டை வெளியிட்டது. அதன் நினைவு வினாடிக்கு 48 ஜி.பி. செய்தியைக் கையாண்டது. 2018-இல் அதே பெயரில் டி.டி.ஆர்.4 நினைவுடன் வேறொன்று வந்தது. அது கையாள்வதோ 16.8 ஜி.பி.; மூன்றில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சும். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. 2022 ஜனவரியில் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டில் 8 ஜி.பி. நினைவும் 2,560 கணக்கு உறுப்புக்களும் இருந்தன. அதற்கு வேண்டிய மின்சாரம் 130 வாட். 2024 பிப்ரவரியில் அதே 3050 என்ற பெயரில் 6 ஜி.பி. நினைவும் 2,304 உறுப்புக்களும் கொண்ட கார்டு வந்தது. அதற்கு 70 வாட் போதும். நினைவின் அளவு மட்டுமே குறைந்ததென்று வாங்குபவன் எண்ணுவான். நினைவுப் பாதையின் அகலமும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறைந்ததை அவன் எங்ஙனம் அறிவான்?

இதில் ஒரு விநோதமும் உண்டு. 70 வாட்டுக்குள் அடங்குவதாலும், தனி மின் ஒயர் வேண்டாததாலும், 8 பாதைகள் உள்ளதாலும், குறைந்த அந்த 6 ஜி.பி. கார்டே நம் பழைய ஆபீஸ் யந்திரத்துக்குப் பொருத்தமானது. புதுக் கார்டு வாங்குவோர்க்கு நாம் சிபார்சு செய்வதும் அதனையே. நமது ஆட்சேபம் பொருளின் மீதன்று. நல்ல பொருளை அதன் சொந்தப் பெயரில் விற்கலாகாதா என்பதே நமது கேள்வி.

பழைய கார்டு வாங்குவோர்க்கு 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 ஏற்றது. தனி ஒயர் கேளாத வகையாகப் பார்த்து எடுக்க வேண்டும். 2016-இல் வந்த 1050 டி.ஐ. நல்ல உழைப்பாளிதான். ஆயினும் அது மேலே சொன்ன 1000 வரிசையைச் சேர்ந்ததாதலின், மிக மலிவாகக் கிடைத்தாலன்றி இப்போது வாங்குவது உசிதமன்று. 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தின் முறை மாறியபோது, அதனைத் தோண்டுவதற்கு இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழஞ்சந்தையில் வந்து குவிந்தன. அவற்றின் காற்றாடியும் சூடு தாங்கும் பசையும் தேய்ந்திருக்கும். பழைய கார்டின் உள்ளெழுத்தை மாற்றிப் புதியதன் பெயரில் விற்கும் போலிகளும் உண்டு. ஜி.பி.யு.-இசட் என்னும் இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டி, கார்டின் உண்மை ரூபத்தைக் கண்டு, அரைமணி நேரம் கனத்த வேலை கொடுத்துப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணித் தர வேண்டும். வி.ஜி.ஏ. மட்டும் உள்ள பழைய மானிட்டருக்கு இணைப்பு மாற்றியின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிறு வாடிக்கைக்காரனை இவ்வளவு அலட்சியமாக நடத்துவதன் காரணம் யாது? கணக்கைப் பார்த்தால் விளங்கும். 2025 ஜனவரியில் முடிந்த கணக்கு வருஷத்தில் என்விடியாவின் வரவு 13,050 கோடி டாலர். அதில் செயற்கை அறிவுக்கான பெரும் நிலையங்களுக்கு விற்றதில் வந்தது 11,520 கோடி. விளையாட்டுக் கார்டுகளில் வந்தது சுமார் 1,135 கோடி. நூற்றுக்கு 9 பங்குகூட இல்லை. கோடி கோடியாகக் கொட்டும் முதலாளி வாசலில் நிற்கையில் சில்லறைக்காரனை யார் மதிப்பார்? மைக்ரான் கம்பெனியும் இதே வழியில் சென்றது. பொதுஜனங்களுக்குக் குருஷியல் என்ற பெயரில் ராமும் எஸ்.எஸ்.டி.யும் விற்று வந்த வியாபாரத்தைக் கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அந்தக் கம்பெனி குஜராத்தில் சானந்தில் அமைக்கும் ஆலைக்கு மதிப்பிட்ட செலவு 275 கோடி டாலர். அதில் பாதியை மத்திய சர்க்காரும், நூற்றுக்கு 20 பங்கைக் குஜராத் சர்க்காரும் கொடுப்பதாக 2023-இல் ஒப்புக்கொண்டன. நம் வரிப்பணத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெறும் கம்பெனி, நம் மாணாக்கனுக்கு ஒரு ராம் குச்சி விற்பதைக் கௌரவக் குறைவாக எண்ணுமாயின், பணம் கொடுத்தவர் நிபந்தனை ஒன்றும் கேட்கலாகாதா?

ஆலைகள் வேண்டாமென்று நாம் கூறவில்லை. 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் ஒதுக்கிச் சர்க்கார் தொடங்கிய சிப் திட்டம் காலத்துக்கேற்ற முயற்சியே. 2024 மார்ச்சில் தோலேராவில் டாட்டா கம்பெனியின் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே எடுத்துக் கொண்டுள்ள மிக நுண்ணிய முறை 28 நானோமீட்டர். கிராபிக்ஸ் கார்டுகளில் அம்முறை 2016-ஆம் வருஷத்தோடு பழசாகத் தொடங்கியது. ஏ.எம்.டி. கம்பெனி தனது மிகப் பெரிய வடிவமைப்பு நிலையத்தை 2023 நவம்பரில் பெங்களூரில் திறந்தது. மூளை நம்முடையது, சிப் தைவானிலும் கொரியாவிலும் வார்க்கப்படுகிறது, பெயரும் லாபமும் அமெரிக்காவுடையன. முழுச் சுதேசிக் கார்டு நம் கைக்கு வர நெடுங்காலம் ஆகும். அதுவரையில் நாம் கைகட்டி நிற்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஓடும் யந்திரத்தைக் குப்பையில் எறியாமல், அதன் சக்திக்கேற்ற உறுப்பை இட்டு இன்னும் நாலு வருஷம் ஓட்டுவதும் சுதேசியமே. அந்நிய நாட்டுக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி அதனால் மிஞ்சுகிறது. பழுது பார்க்கும் நம்மூர்த் தொழிலாளிக்கும் கூலி கிடைக்கிறது. பழுது பார்க்கும் உரிமைக்கென மத்திய சர்க்கார் 2022 டிசம்பரில் ஒரு தகவல் தளத்தைத் திறந்தனர். அதனோடு நின்றுவிடாமல் சட்டமும் செய்ய வேண்டும்.

பெட்டி மேல் விலையும், இறக்குமதி செய்தவர் பெயரும், உற்பத்தியான நாடும் இருக்கவேண்டுமென்று இப்போது விதி இருக்கிறது. அவ்விதியில் இன்னும் நாலு வரி சேர்க்கலாம்: நினைவின் வகையும் அளவும், அதன் பாதை அகலம், செருகு பாதைகளின் எண்ணிக்கை, வேண்டிய மின்சாரம். இவற்றோடு, டிரைவர் எந்த வருஷம் வரையில் வரும் என்பதையும் அச்சிடச் செய்ய வேண்டும். இதனால் சர்க்காருக்குச் செலவில்லை. கம்பெனிகளுக்கும் மசிச் செலவைத் தவிர வேறில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டம் பொருளின் தரத்தையும் அளவையும் அறியும் உரிமையை நமக்கு அளித்திருக்கிறது. அவ்வுரிமை சட்டப் புத்தகத்திலிருந்து பெட்டி மேல் வரவேண்டும் என்பதே நமது கோரிக்கை. பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகள் இதனை எழுப்புவார்களா? அவர்கள் எழுப்பும் வரையில், வாங்குகிறவர் ஒவ்வொருவரும் கடையில் இந்த ஐந்து கேள்விகளையும் எழுப்புவாராக. விடை தெரியாத கடையில் வாங்காமல் திரும்புவாராக.