‘பொசிட்டிவ்’ என்றால் நல்ல செய்தியா?

மார்பகப் புற்றுநோய் றிப்போட்டில் சிலருக்கு ‘ஹெர்2 பொசிட்டிவ்’ என்று ஒரு வரி இருக்கும். கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ பஸ் ஏறிக் கண்டி கிளினிக்குக்கு வருகிற அம்மாவுக்கு அதைத் தமிழில் யார் சொல்வது? பொசிட்டிவ் நல்லதுதானே என்று நினைக்கலாம், கொரோனா ஞாபகத்தில் பயந்தும் போகலாம். இரண்டுமே போதாது.

விஷயம் இதுதான். வளர்ச்சிக் காரணி என்ற புரதம் வந்து கலத்தின் மேலுள்ள வாங்கியில் ஒட்டினால், ‘பிரி’ என்ற கட்டளை உள்ளே போகும். அந்தக் காலத்துத் தோட்டத்தில் விடியக்காலை தப்பு அடித்ததும் லயத்து ஆட்கள் எழும்பிப் பெரட்டுக்குப் போன மாதிரி. தப்புச் சத்தம் வளர்ச்சிக் காரணி, காது வாங்கி. ஹெர்2வும் ஒரு வாங்கிதான். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 15 முதல் 20 வரையானவற்றில் அது அளவுக்கு மிஞ்சிப் பெருகி, கலமெல்லாம் காதாகிவிடுகிறது. நெருங்கி நிற்கிற வாங்கிகள் தங்களுக்குள் சோடி சேர்ந்து, தப்பு அடிக்காமலே கட்டளையை அனுப்பிக்கொண்டிருக்கும். அதுதான் இந்த வகை வேகமாக வளர்ந்து பரவுகிறது.

இந்தப் பெருக்கத்துக்கும் நோய் சீக்கிரம் திரும்புவதற்கும் உள்ள தொடர்பை டெனிஸ் சிலேமன் குழு 1987இல் காட்டியது. அந்த வாங்கியையே மறிக்கும் ட்ரஸ்டுசுமாப் மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2015இல் அது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. ஆக, பொசிட்டிவ் என்றால் மூர்க்கமான நோய், ஆனால் குறிபார்த்து அடிக்க மருந்துள்ள நோய்.

ஆரம்ப நிலையில் அந்த மருந்து வழக்கமாக 3 வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருஷம். கிட்டத்தட்ட 18 தடவை. போகிற நாளெல்லாம் கொழுந்தெடுக்கிறவருக்குப் பேர் விழாது. கட்டியை வெட்டியாச்சு, உடம்பும் நல்லாத்தானே இருக்கு என்று அவர் ஏழாவது தடவையோடு நின்றுவிட்டால் குறை அவருடையதா?

அதே 1987இல்தான் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. டொக்டருக்கு டொக்டர் எழுதும் றிப்போட் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், அதில் எங்களுக்குச் சண்டையில்லை. கூடவே தமிழில் பாதித் தாள் வேண்டும். இது விஞ்ஞானக்காரர் வேலை என்று கலைப்பீடத்தில் இருந்துகொண்டு நாங்கள் கைகழுவ முடியாது. ‘வாங்கி’ என்ற சொல் உயர்தரப் புத்தகத்திலேயே கிடக்கிறது, லயத்துக்குப் போய்ச் சேரவில்லை.

அந்தத் தாளில் இவ்வளவு போதும்: 3+ என்றால் பொசிட்டிவ். 2+ என்றால் முடிவில்லை, இன்னொரு சோதனை தேவை. மருந்து சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும், எக்கோ எடுக்கச் சொன்னால் தட்டாமல் போங்க. எழுதியதை டொக்டர் ஒருவரிடம் காட்டித் திருத்தி, தோட்டத்து அக்காமாருக்கு வாசித்து, விளங்காத சொல்லை அவர்களையே மாற்றச் சொல்ல வேண்டும்.