தான் வளர்த்த முயலுக்கு மூணே காலுங்க!

"400 ரூபாய் முயலுக்கு 14,000 ரூபாய்ல ஆப்பரேஷனா? காசு கொழுத்துப் போச்சா?"

ரெண்டு மாசமா இந்தக் கேள்வியை ஆபீஸ்ல, அபார்ட்மென்ட் லிஃப்ட்ல, ஒரு கல்யாணப் பந்தியிலகூடக் கேட்டாச்சு. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லித் தொண்டை வத்திப்போச்சு. அதனால மொத்தமா இங்க கொட்டிடறேன். கொஞ்சம் சூடா இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

எங்க வீட்டு முயல் பேரு கடலை. (பேரு வெச்சது தங்கச்சி. 'கடலைக்கு உடம்பு சரியில்ல'ன்னு மேனேஜர்கிட்ட லீவு கேட்ட கதையைத் தனிப் பதிவாவே போடலாம்.) வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருத்தர், "முயலை இப்படித்தான் தூக்கணும்"னு காதைப் புடிச்சுத் தூக்கினார். அது உதறிச்சு, கீழ விழுந்துச்சு. பின்னங்கால் எலும்பு முறிஞ்சு தோலைக் கிழிச்சு வெளிய வந்துடுச்சு. காப்பாத்த முடியல, காலை எடுத்தாச்சு. இன்னிக்கு மூணு காலோட ஹால் முழுக்க ஓடிக்கிட்டிருக்கு.

முதல்ல அந்தக் காது மேட்டர். காது கைப்பிடி இல்லீங்க. ரத்தக்குழாய் நிறைஞ்ச உறுப்பு, உடம்புச் சூட்டை வெளியேத்துறதே அது வழியாத்தான். முயலோட மொத்த எலும்பும் சேர்ந்து உடம்பு எடையில 7, 8 சதவீதம்தான். பூனைக்கு 12, 13 சதவீதம். ஆனா பின்னங்கால் தசை படு ஸ்ட்ராங். பிடி சரியில்லாம அது உதைச்சா, அந்த வேகத்துலயே அதோட முதுகெலும்பு முறிஞ்சுடும். ஒரு கை நெஞ்சுக்கு அடியில, இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில. அவ்ளோதான். இது தெரியாதவங்க தூக்காம இருக்கலாமே?

அடுத்தது டாக்டருங்க. முதல் கிளினிக்ல தொட்டுக்கூடப் பாக்கல. "முயலுக்கெல்லாம் எதுக்கு சார், வேற வாங்கிக்குங்க"ன்னு அனுப்பிட்டாங்க. ரெண்டாவது கிளினிக்ல கட்டுப் போட்டு, அமாக்ஸிசிலின் சிரப் எழுதிக் குடுத்தாங்க. நல்லவேளை, எந்த மருந்தா இருந்தாலும் தேடிப் பாக்காம வாங்க மாட்டேன். முயலுக்கு அதை வாய் வழியாக் குடுத்தா குடல்ல இருக்குற நல்ல பாக்டீரியா செத்துப்போயி, கெட்டது பெருகி விஷமாயிடும். முயலே செத்துப்போகலாம். நாய்க்குக் குடுக்குறதை அப்படியே முயலுக்கும் எழுதினா எப்படி? தெரியலைன்னா "எனக்கு முயல் பத்தித் தெரியாது, தெரிஞ்சவர்கிட்ட போங்க"ன்னு சொல்றதுல என்ன கௌரவக் குறைச்சல்?

மூணாவதாப் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு? எப்ப புழுக்கை போட்டுச்சு?" அங்கயே எனக்கு உயிர் வந்துச்சு. முயலுக்கு வாந்தி எடுக்க வராது. அதனால ஆப்பரேஷனுக்கு முன்னாடி நாயைப் போடுற மாதிரி ராத்திரி முழுக்கப் பட்டினி போடக்கூடாது. வயிறு காலியாக் கிடந்தா குடல் நின்னுடும், அதுவே ஆளை முடிச்சுடும். அவங்க எதையும் மறைக்கவும் இல்ல. 2008-ல வெளியான பிரிட்டிஷ் ஆய்வுல, மயக்க மருந்து தொடர்பான சாவு நாய்க்கு 0.17 சதவீதம், பூனைக்கு 0.24, முயலுக்கு 1.39. நாயைவிட எட்டு மடங்கு. அதைச் சொல்லிட்டுத்தான் கையெழுத்து வாங்கினாங்க.

இப்ப 'கருணை' கோஷ்டி. "மூணு காலோட அது கஷ்டப்படணுமா? ஊசி போட்டு அனுப்பிடு." முதுகெலும்பு முறிஞ்சு, சிறுநீர்கூடத் தானாப் போக முடியாத முயலுக்கு அந்த ஊசி கருணைதான், மறுக்கல. ஆனா கடலைக்குப் போனது ஒரு கால் மட்டும். முதல் மூணு நாள் வலி மருந்து, மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை பெல்லட்டை ஊறவெச்சுக் கரைச்சு சிரிஞ்சுல ஊட்டினோம். ரெண்டாம் நாள் ராத்திரி மிளகு சைஸ்ல அஞ்சு புழுக்கை. அம்மா அதை எண்ணிச் சொன்னப்ப வீடே கைதட்டுச்சு! பத்தாம் நாள் தையல் பிரிச்சாங்க, மூணாவது வாரம் ஓட்டம். இனிமே அந்தப் பக்கக் காதை அதால சொறிய முடியாது, நாங்கதான் சுத்தம் பண்ணணும். முயல் பாதத்துல மெத்தை கிடையாது, வெறும் முடிதான். எல்லா பாரமும் ஒரே பின்னங்கால்ல விழுறதால டைல்ஸ் மேல பாய் விரிக்கணும், உடம்பு ஏத்த விடக்கூடாது. இதுக்குப் பேரு கஷ்டமா? எங்க தாத்தாவுக்கு இதைவிட அதிகமாச் செய்யறோம்.

"நாட்டுல எத்தனை குழந்தைங்க பசியோட இருக்கு, முயலுக்கு ஆப்பரேஷன் கேக்குதா?"ன்னு ஒரு நண்பர். போன மாசம்தான் உடைஞ்ச போன் ஸ்க்ரீனுக்கு 18,000 அழுதார். அன்னிக்கு அந்தக் குழந்தைங்க அவர் கண்ணுக்குத் தெரியல போல :)

நிஜமாவே காசில்லாதவங்களை நான் சொல்லல. முயல்கறி சாப்பிடுறவங்களோடயும் சண்டை இல்ல, நானும் பிரியாணிக்காரன்தான். குழந்தை அழுதுச்சுன்னு பொம்மை வாங்குற மாதிரி வாங்கி, பழுதானா தூக்கிப் போட்டு வேற வாங்குறாங்க பாருங்க, அவங்களோடதான் சண்டை. முயல் 8லருந்து 12 வருஷம் வாழும். 2018-ல வந்த மத்திய அரசோட செல்லப்பிராணிக் கடை விதிகள்ல, நாய், பூனையோட முயல் பேரும் இருக்கு. சட்டமே அதைச் செல்லப்பிராணின்னு ஒத்துக்குது, வாங்குறவங்க ஒத்துக்க மாட்டேங்குறாங்க.

400 ரூபாய் சந்தைக்காரர் வெச்ச விலை. வீட்டுக்குள்ள கொண்டுவந்து, பேரு வெச்சு, பிள்ளையார் கோயில் வாசல்ல அருகம்புல் வாங்கிப் போட்டு, அது நம்ம காலடிச் சத்தத்துக்கு எழுந்து நிக்க ஆரம்பிச்ச பிறகும் அதே விலையா போடுவீங்க?

முயல் வலியில பெரும்பாலும் கத்தாது. தன்னை வேட்டையாடுற மிருகத்துக்குத் தெரியக்கூடாதுன்னு மறைச்சுக்குறதுதான் அதோட சுபாவம். கூனிக் குறுகி உக்காரும், பல்லைக் கடிக்கும், சாப்பாட்டை நிறுத்தும். 12 மணி நேரம் சாப்பிடலைன்னா அது எமர்ஜென்சி, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. வாங்கறதுக்கு முன்னாடியே, உங்க ஊர்ல முயலுக்கு வைத்தியம் தெரிஞ்ச டாக்டர் இருக்காரான்னு விசாரிங்க. இல்லைன்னா வாங்காதீங்க.

டிஸ்கி: காதைப் புடிச்சுத் தூக்கின உறவுக்காரர் இன்னும் "நான் தூக்கினதுல தப்பே இல்ல"ன்னுதான் சொல்லிட்டிருக்கார். பிடிவாதத்துக்குப் பழமொழி தேடவே வேணாம், அவர் புடிச்ச முயலுக்கு நிஜமாவே மூணு கால்தான்.