அப்பா கீறின வீடு

கட்டடங்களில் இவ்வளவு ஆசை எப்படி வந்தது என்று போன மாதம் ஒரு தோழி கேட்டாள். நான் சொன்ன பதில் அவளுக்குச் சிரிப்பை வரவழைத்தது: ஸ்காபரோ சிவிக் சென்ரர்.

1993. எனக்கு ஒன்பது வயது. வீட்டு வரி பற்றிக் கதைக்க அப்பா அங்கே போனார். மொழிபெயர்க்க நான். உங்களில் பலரும் சின்ன வயதில் இந்த வேலை பார்த்திருப்பீர்கள். வரிசையில் நிற்கும்போது அப்பா அண்ணாந்து பார்த்தார். நடுவில் பெரிய திறந்த வெளி, மேலிருந்து வெளிச்சம், சுற்றிவர அடுக்கடுக்காக மாடிகள். “இஞ்ச பார் பிள்ளை, எங்கட நாற்சார் வீடு மாதிரிக் கிடக்கு” என்றார்.

“அது என்ன அப்பா?” என்று கேட்டேன். வரிக் கடிதம் வந்த உறையைத் திருப்பிப் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார். நடுவில் வானம் தெரியும் முற்றம். நாலு பக்கமும் விறாந்தை. அதை ஒட்டி அறைகள். மழை முற்றத்தில் விழும். சூடு அதாலேயே மேலே போய்விடும். சண்டையில் இடிந்துபோன அந்த வீட்டை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்த உறையில்தான்.

அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் வெளிச்சம் எங்கேயிருந்து வருகுது என்று பார்ப்பேன். பள்ளிக்கூடத்தால் ஒன்ராறியோ சயன்ஸ் சென்ரருக்குக் கூட்டிப் போனார்கள். பள்ளத்தாக்குச் சரிவில் இறங்கிப் போகும் அந்தக் கட்டடத்தைத்தான் நான் வேடிக்கை பார்த்தேன்.

இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவரே என்று பிறகு நூலகத்தில் வாசித்தேன். றேமண்ட் மொறியாமா. சயன்ஸ் சென்ரர் 1969, சிவிக் சென்ரர் 1973. அவர் 1929இல் வான்கூவரில் பிறந்த ஜப்பானியக் கனேடியர். நாலு வயதில் உடல் வெந்து படுக்கையில் கிடந்தபோது, வெளியே ஒரு கட்டடம் எழும்புவதைப் பார்த்து ஆசைப்பட்டவர். இரண்டாம் உலகப் போரில் அவருடைய குடும்பத்தைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே கிடைத்த பலகைகளை வைத்து மரத்தில் ஒரு குடில் கட்டினார். வீட்டை இழந்த ஒரு பிள்ளை வளர்ந்து கட்டிய இடத்தில் நின்றுதான் அப்பாவுக்குத் தன் வீடு ஞாபகம் வந்திருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பில், “ஆர்க்கிடெக்சர் படிக்கப்போறன்” என்றேன். “அதில வேலை கிடைக்குமோ? அக்கவுண்டிங் படி பிள்ளை” என்றார் அப்பா. இரவும் பகலும் இரண்டு வேலை செய்த மனிசன். நான் எதிர்த்துக் கதைக்கவில்லை. இன்று நான் கணக்காளர். ஆனால் ஆசை மட்டும் விட்டுப்போகவில்லை.

இந்த மார்ச் விடுமுறையில் அப்பாவையும் மகளையும் அதே சிவிக் சென்ரருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவுக்கு இப்போது ஞாபக மறதி. மகள் கொப்பியை நீட்டி, “அம்மப்பா, உங்கட வீட்டைக் கீறுங்கோ” என்றாள். முற்றம் வந்தது. விறாந்தை வந்தது. குசினி எந்தப் பக்கம் என்று தெரியாமல் பேனை நின்றுவிட்டது. “கிணத்தடிப் பக்கம், அப்பா” என்றேன். ஒருநாளும் போகாத வீட்டின் குசினி எனக்குத் தெரிந்திருந்தது.

மகள், “நானும் இப்பிடி வீடு கட்டப்போறன்” என்றாள். “அதில வேலை...” என்று என் வாய் தொடங்கிவிட்டது. அதற்குள் அப்பா சொன்னார்: “உன்ர அம்மாவும் அதைத்தான் படிக்க ஆசைப்பட்டவள். நான்தான் விடேல்லை. நீ படி.”

இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவர் அதை மறக்கவில்லை.

இந்த வார இறுதியில் உங்கள் அம்மா, அப்பாவிடம் ஒரு தாளும் பேனையும் கொடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள். அவர்கள் வளர்ந்த வீட்டைக் கீறச் சொல்லுங்கள். கிணறு, மாமரம், குசினி எல்லாவற்றுக்கும் பெயர் எழுதித் திகதி போட்டு வையுங்கள். எந்த அறை எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரியும்போதே கேட்டுவிடுங்கள்.