சாரைக்கும் நல்லபாம்புக்கும் கல்யாணமா?

கேள்வி: சாரைப்பாம்பும் நல்லபாம்பும் ஜோடி சேருமாமே, நிஜமா?

சேராது. இந்த ஒரு வார்த்தையோடு பதிலை முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் குடவாசல் டீக்கடையில் போய் இதைச் சொன்னால் எடுபடாது. அமுதக் குடத்தோடு கருடன் வந்து இறங்கிய தலம் என்று புராணம் சொல்லும் ஊர் அது; பாம்புக் கதை பேச அவர்களுக்குப் பரம்பரை உரிமையே உண்டு. "என் கண்ணால பார்த்தேன் சார்" என்று நாலு பேராவது சொல்வார்கள். அவர்கள் பார்த்தது நிஜம். கல்யாணம்தான் நிஜமில்லை.

வரப்பில் இரண்டு பாம்புகள், கயிறு திரித்த மாதிரி முறுக்கிக்கொண்டு, முன்பாதி உடம்பைத் தூக்கி நிற்கும். ஒன்று மற்றதன் தலையைத் தரையோடு அழுத்தும். அது நழுவி எழுந்து இதை அழுத்தும். பார்க்கிறவர்களுக்கு சினிமா டூயட். உண்மையில் இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண். நடப்பது மல்யுத்தம். கடிப்பது கிடையாது, தோற்றவர் பேசாமல் போய்விடுவார். (நம் பங்காளித் தகராறுகளைவிட நாகரிகம்.)

இதில் நல்லபாம்பு எங்கே வந்தது? நிறத்தில் வந்தது. சாரையில் மஞ்சள் பூத்ததும் உண்டு, நன்றாகக் கறுத்ததும் உண்டு. ஒன்று வெளுப்பாகவும் மற்றது கறுப்பாகவும் அமைந்துவிட்டால், கறுத்தது நாகம் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. 'சாரை ஆண், நாகம் பெண்' என்று ஜாதகமும் எழுதியாயிற்று. இரண்டு இனத்திலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. வெளியே வரன் தேட வேண்டிய அவசியமே இல்லை. தவிர, நாகம் பசி எடுத்தால் மற்ற பாம்புகளையும் விழுங்கக்கூடியது. மாப்பிள்ளை கதி என்ன ஆவது?

அந்தப் பாம்புகள் மேல் புது வேட்டியைப் போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்பார்கள். வேட்டி அழுக்காவது மட்டும் உறுதி.

சிரிப்பு அடங்கும் இடத்துக்கு வருவோம். 'நாகத்தோட ஜோடி' என்ற பெயராலேயே சாரை அடிபட்டுச் சாகிறது. துளி விஷம் கிடையாது அதற்கு. கதிர் வரும் நேரத்தில் எலி பயிரை அடியில் கடித்துச் சாய்க்கும், கதிரை இழுத்துப்போய் வளைக்குள் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். அதைப் பிடிக்கத்தான் மூங்கிலை வளைத்துச் செய்யும் தஞ்சாவூர் கிட்டி. இரவில் ஆந்தை வந்து உட்கார வயலில் குச்சி நடுவதும் அதற்குத்தான். ஆனால் கிட்டியும் ஆந்தையும் வளைக்கு வெளியேதான் காத்திருக்க முடியும். உள்ளேயே புகுந்து குட்டிகளோடு காலி செய்வது சாரை. கிட்டி வைக்கக் கூலி கொடுத்துவிட்டு, கூலி கேட்காத ஆளைக் கம்பால் அடிப்பது எந்த ஊர்க் கணக்கு? 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட.

மாட்டின் காலைச் சுற்றிக்கொண்டு பால் குடிக்கும் என்பதும் இதே சாரை மேல் போட்ட பழி. உறிஞ்சுவதற்கு ஏற்ற வாய் பாம்புக்கு இல்லை. பல்லோ உள்நோக்கி வளைந்த ஊசி. அது மடியில் பட்டால் மாடு உதைக்காமல் நின்றுகொண்டா இருக்கும்? பால் குறைந்தால் கறப்பவரை விசாரியுங்கள்.

கடித்துவிட்டு மரமேறி, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்குமாம் கொம்பேறி மூக்கன். அதற்கும் ஆளைக் கொல்லும் விஷம் இல்லை. மரமேறுவது ஓணானுக்காக.

சரி, கடித்தது எந்தப் பாம்பு என்றே தெரியவில்லை என்றால்? துரத்தி அடித்துப் பையில் போட்டு எடுத்துப்போக வேண்டாம். நேரமும் போகும், இன்னொரு கடியும் விழும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், அந்த மருந்து தயாரிக்க விஷம் எடுத்துத் தருகிறது. 1978-ல் தொடங்கிய சங்கம் அது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்; எப்போது, எவ்வளவு என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மோதிரம், மெட்டி இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள்.