எம்என்3005 தேடி அலைய வேண்டுமா?

கிடார் பெடல் சொந்தமாகச் செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். முதலில் ஒரு டிஸ்டார்ஷன் பெடல். அது வேலை செய்துவிட்டால் அடுத்தது எக்கோ. எக்கோ என்றால் அனலாக் டிலே, அனலாக் டிலே என்றால் எம்என்3005! பானாசோனிக் அந்த சிப்பை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. 1981-ல் வந்த பாஸ் டிஎம்-2 பெடலுக்குள் இருந்தது என்பதற்காக இன்னமும் அதைத் தேடுகிறார்கள்.

ஆரோவில் பக்கம் இருப்பவர்களுக்கு இது கூடுதல் அவஸ்தை. கையால் வாத்தியம் செய்வது அங்கே புதிதல்ல. 2003-ல் தொடங்கிய ஸ்வரம் பட்டறையே இருக்கிறது. ஆனால் மரமும் மூங்கிலும் கிடைப்பது போல சிப் கிடைக்குமா? ஈசிஆரில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆன்லைனில் முகம் தெரியாத யாரோ ஒருவரிடம் வாங்க வேண்டும். அங்கேதான் வினை. வேறு ஏதோ சிப்பின் மேல்புறத்தைச் சுரண்டிவிட்டு, பழைய நம்பரைப் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். பார்த்தால் அசலை விடப் பளிச்சென்று இருக்கும் :-)

இந்த சிப் செய்யும் வேலை என்ன? வீட்டுக்குத் தளம் போடும்போது கலவைச் சட்டி வரிசையாகக் கை மாறுமே, அதேதான். 1969-ல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்த யோசனை. ஒலியின் ஒவ்வொரு துளியும் ஒரு கெப்பாசிட்டரிலிருந்து அடுத்ததற்குக் கைமாறுகிறது. தாமதம் எவ்வளவு என்று கணக்குப் போடுவதும் சுலபம்: படிகளின் எண்ணிக்கையை கிளாக் வேகத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும். 4096 படி உள்ள எம்என்3005-ஐ 10 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் 204.8 மில்லிசெகண்ட். ஆனால் அவ்வளவு மெதுவாக ஓட்டும்போது கிளாக்கின் கீச்சு சத்தம் காதில் விழும். அதை மறைக்க ஃபில்டர் போட்டால் கிடாரின் மேல் சுரங்களும் சேர்ந்து போய்விடும். "வார்ம் சவுண்ட்" என்று கொண்டாடுவதில் பாதி இந்த ஃபில்டரின் கைங்கரியம்தான்.

நீளமான எக்கோ மட்டும்தான் வேண்டுமா? கரோக்கே எக்கோ போர்டுகளில் வரும் பிடி2399 போதும். சினிமா டிக்கெட்டை விட விலை குறைவு, 5 வோல்ட்டில் ஓடும், 300 மில்லிசெகண்ட் தாண்டும். உள்ளே டிஜிட்டல்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நல்ல ஃபில்டரோடு கேட்டால் பலருக்கு வித்தியாசமே தெரியாது.

பிடி2399-ஆல் முடியாதது ஒன்று உண்டு. சுமார் 30 மில்லிசெகண்டுக்குக் கீழே அது இறங்காது. கோரஸ், ஃப்ளாஞ்சர் எல்லாம் அதற்கும் கீழேதான் பிறக்கின்றன. அனலாக் சிப்புக்குக் காசு செலவழிப்பதென்றால் நியாயமான இடம் இதுதான். 1024 படி உள்ள வி3207 இப்போதும் புதிதாகவே தயாராகிறது. 50 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் 10.24 மில்லிசெகண்ட், கீச்சு சத்தம் காதுக்கு எட்டாது. கிளாக்குக்கு வி3102 கிடைக்காவிட்டால், இன்வெர்ட்டர் சர்க்யூட்டுகளில் வரும் சிடி4047 கூட ஓட்டிவிடும். பழைய எம்என்3007 சர்க்யூட்டில் மட்டும் இதை அப்படியே செருகிவிடக் கூடாது. கால்கள் ஒரே வரிசைதான், ஆனால் சப்ளை தலைகீழ். ஒரு நொடியில் காலி.

எந்த சிப் வந்தாலும் முதலில் பிரெட்போர்டில் போட்டு, பயாஸ் டிரிம்மரை மெதுவாகத் திருப்பிக் கேட்க வேண்டும். எங்குமே ஒலி வரவில்லையென்றால், வயரிங் சரியாக இருக்கும் பட்சத்தில், சிப் போலி அல்லது செத்தது. தேறியதை உருண்டைத் துளை சாக்கெட்டில் போடுவது நல்லது. உப்புக் காற்றில் சாதா சாக்கெட்டின் தகடுகள் சீக்கிரம் கறுத்துப்போய்க் கரகரக்க ஆரம்பிக்கும். மிச்ச சிப்புகளை டப்பாவில் போட்டு, புது செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போட்டு மூடிவிடலாம்.