அமானிதத்தைப் பாழாக்கியவர்கள் கணக்குக் காட்டட்டும்!



அடுத்தவர் பொருளை அமானிதமாக வாங்கிய ஒருவன் அதைப் பாழாக்குகிறான். பாழாக்கியதை மறைக்கிறான். உண்மை தெரியாத உரியவரிடம் 'கணக்குத் தீர்ந்தது' என்று கையெழுத்தும் வாங்கிவிடுகிறான். நம் ஊர் ஜமாஅத்தில் இப்படியொரு வழக்கு வந்தால், அந்தக் கையெழுத்து செல்லும் என்று எவராவது தீர்ப்புச் சொல்வார்களா?

பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா செய்தது இதைத்தான்.

1947-ல் ஐ.நா. சபை அந்தத் தீவுகளை அமெரிக்காவின் பொறுப்பில் ஒப்படைத்தது. மக்களின் நிலத்தையும் உடல்நலத்தையும் காப்பதாக அமெரிக்கா எழுதிக் கொடுத்தது. ஆனால், 1946-லேயே தொடங்கிவிட்ட அணுகுண்டுச் சோதனைகளை அது நிறுத்தவில்லை. 1958-க்குள் 67 குண்டுகள்!

1954 மார்ச் 1 அன்று பிகினியில் வெடித்த ஹைட்ரஜன் குண்டு, ஹிரோஷிமா குண்டைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலிமையுள்ளது. ரோங்கெலாப் தீவில் வெண்சாம்பல் பொழிந்தது. விவரமறியாக் குழந்தைகள் அதில் விளையாடினார்கள். வாந்தி, தோல் புண், முடி உதிர்தல் என்று துன்பம் தொடர்ந்தது. இரண்டு நாட்கள் கழித்தே அந்த மக்களை அப்புறப்படுத்தினார்கள். மார்ச் 11-ல் அமெரிக்க அணுசக்தி ஆணையம் என்ன அறிவித்தது தெரியுமா? யாருக்கும் தீக்காயம் இல்லையாம், எல்லோரும் நலமாம்!

1957-ல் 'இனி ஆபத்தில்லை' என்று சொல்லி அவர்களை அதே தீவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் அங்கே வாழ்வது கதிர்வீச்சு ஆராய்ச்சிக்கு மதிப்புள்ள தகவல்களைத் தரும் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதி வைத்தார்கள். மனிதர்களா, சோதனைக்கூட எலிகளா? பிள்ளைகளுக்குத் தைராய்டு கட்டிகள் வந்தன. 1985-ல் மக்கள் தாங்களே மண்ணை விட்டு வெளியேறினார்கள்.

1986-ல் ஒரு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 15 கோடி டாலரோடு எல்லா வழக்கும் முடிந்தது என்றார்கள். பிகினி, எனிவெட்டாக், ரோங்கெலாப், உட்ரிக் ஆகிய நான்கு தீவுக்கூட்டங்களே பாதிக்கப்பட்டவை என்பது அவர்கள் கணக்கு. ஆனால் 1990-களில் ரகசிய ஆவணங்கள் திறக்கப்பட்டபோது, சாம்பல் அதைவிட வெகுதூரம் பரவியிருந்தது வெளிவந்தது.

'அமெரிக்கா தானே முன்வந்து ஆவணங்களை வெளியிட்டதே, அதைப் பாராட்ட வேண்டாமா?' என்று சிலர் கேட்கலாம். நாம் திருப்பிக் கேட்போம்: கையெழுத்துக்கு முன்பே காட்டியிருக்க வேண்டிய காகிதத்தைப் பின்னால் காட்டுவதில் என்ன பெருமை? காட்டிய பிறகாவது கணக்கைத் திருத்தினார்களா? 2000-ல் மார்ஷல் தீவு அரசு கூடுதல் நிவாரணம் கேட்டு மனு கொடுத்தது. 2005-ல் அமெரிக்க அரசு, சட்டத்தில் இடமில்லை என்று கைவிரித்தது. அந்த ஒப்பந்தத்தின்படி அமைந்த தீர்ப்பாயமே 200 கோடி டாலருக்கு மேல் வழங்கச் சொன்னது. கொடுக்க நிதி இல்லை!

மறைத்து வாங்கிய கையெழுத்து செல்லாது. ஒப்பந்தம் மீண்டும் திறக்கப்பட வேண்டும். இன்னும் பூட்டிக் கிடக்கும் காகிதம் ஒன்றிருந்தாலும், அது அந்த மக்களின் மொழியில் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

சகோதரர்களே! எந்த அரசாக இருந்தாலும், 'எல்லோரும் நலம்' என்று அது அறிவிக்கும்போது, அளந்த கணக்கைக் காட்டு என்று அன்றைக்கே கேளுங்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து வரும் பதில், அடக்கம் செய்யப்பட்டவர்களின் காதில் விழாது.